அப்பாவின் தொப்பிக்குள் ஒரு பெயர்

கேள்வி: என் அப்பா 1987-இல் யாழ்ப்பாணத்திலிருந்து சிட்னிக்கு வந்தவர். வந்த மறுவருடம் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அக்குப்ரா என்ற ஆஸ்திரேலியத் தொப்பி ஒன்று வாங்கினார். பழுப்பு நிற ஃபெல்ட். முருங்கைக்குத் தண்ணீர் விடுவதிலிருந்து சனிக்கிழமைக் கிரிக்கெட் வரை எல்லாவற்றுக்கும் அதுதான். அவர் போய் இரண்டு வருடமாகிறது. தொப்பி கராஜில் அலுமாரிக்கு மேல் கிடந்தது.

போன கிழமை எடுத்துப் பார்த்தேன். வெளியே தூசியைத் தவிரக் குறை இல்லை. உள்ளே நெற்றியில் படுகிற தோல் பட்டைதான் மோசம். வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடுகள். தொட்டால் தகரம் மாதிரி விறைப்பு. மேல் ஓரம் உள்ளுக்குச் சுருண்டிருக்கிறது. முன்பக்கம் வலது புறத்தில் நாலு விரல் நீளத்துக்குத் தையல் விட்டுப் பட்டை தொங்குகிறது, அதே இடத்தில் சின்னக் கிழிசலும் இருக்கிறது. பின்பக்கம், பட்டை சேர்கிற மூட்டுக்குப் பக்கத்தில், அப்பா பேனாவால் தன் பெயரைத் தமிழில் எழுதியிருக்கிறார். இன்னும் வாசிக்கலாம்.

மகனுக்கு 16 வயது. போட்டுப் பார்த்தான், இறுக்குகிறது. ஆனாலும் தனக்குத்தான் வேண்டும் என்கிறான். மாமி தேங்காயெண்ணெய் பூசச் சொல்கிறா. ஒரு கடையில் பட்டையை வெட்டி எறிந்துவிட்டுப் புதிது போடலாம் என்றார்கள். தம்பி சூப்பர் க்ளூ வாங்கி வைத்திருக்கிறான். நான் என்ன செய்ய? அந்த மூட்டில் ஒரு குட்டி ரிப்பன் முடிச்சு இருக்கிறதே, அது எதற்கு?

— ஒரு வாசகி, சிட்னி

பதில்: அம்மா, முதலில் தம்பியின் சூப்பர் க்ளூவை வாங்கி உள்ளே வையுங்கள். தேங்காயெண்ணெய்ப் போத்தல் சமையலறையிலேயே இருக்கட்டும். கடைக்காரர் சொன்னதையும் இப்போதைக்குத் தள்ளிப் போடுங்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அந்தப் பட்டை செத்துவிடவில்லை. அதற்கு இருக்கிற நோய் உப்பு. உப்பை எடுக்காமல் அதன்மேல் எதைப் பூசினாலும் நோயை உள்ளே வைத்துப் பூட்டுகிற மாதிரிதான்.

வியர்வை என்பது வெறும் தண்ணீர் அல்ல. உப்பும் லாக்டிக் அமிலமும் யூரியாவும் அதில் கரைந்திருக்கின்றன. நெற்றியிலிருந்து தோலுக்குள் இறங்கிய பிறகு தண்ணீர் மட்டும் ஆவியாகிப் போகிறது, மற்றவை தங்கிவிடுகின்றன. அதோடு விட்டாலும் பரவாயில்லை. ஈரப்பதம் ஏறும் நாளில் உப்பு காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரைகிறது, காய்ந்த நாளில் மறுபடி படிகமாகிறது. ஒவ்வொரு முறை படிகமாகும்போதும் தோலின் நார்களுக்கு இடையே நெருக்கி வளர்கிறது. கராஜ் அலுமாரியின் மேல் கோடையும் குளிருமாக இருந்த தொப்பியில் இது எத்தனை முறை நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நீங்கள் சொல்லும் தகர விறைப்பு அதனால் வந்தது.

தேங்காயெண்ணெய் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சிட்னியில் ஜூலை மாதம் அந்தப் போத்தல் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே அது உறைந்துவிடும். தோலுக்குள் போன எண்ணெய்யும் குளிரில் உறையும், வெயிலில் உருகும், உருகும்போதெல்லாம் பக்கத்தில் இருக்கும் ஃபெல்ட்டுக்குள் கசியும். இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. தொப்பி பழுதுபார்க்கும் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பெரியவரின் சாம்பல் நிறத் தொப்பியை என்னிடம் கொடுத்தார்கள். பட்டை வறண்டிருக்கிறதே என்று தாராளமாக எண்ணெய் விட்டுத் தேய்த்தேன். தோல் வெண்ணெய் போல ஆயிற்று, எனக்குப் பெருமை. ஒரு மாதம் கழித்து அவர் கொண்டுவந்து காட்டினார். தொப்பியின் வெளியே சுற்றியிருக்கும் ரிப்பனுக்கு மேலும் கீழும் கறுத்த வளையம். எத்தனை முறை மாவு தூவி உறிஞ்ச வைத்தும் அந்தக் கறை முழுதாகப் போகவில்லை. அவர் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளாமல் அதே தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார். அன்றைக்கு ஏற்பட்ட வெட்கத்தில்தான் இந்தப் பட்டைகளைப் பற்றி ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன்.

வேலையைத் தொடங்குமுன் ஒரே ஒரு சோதனை. நகத்தால் பட்டையின் மேல் ஓரத்தை, பெயர் இல்லாத இடத்தில், மெதுவாகச் சுரண்டுங்கள். விரலில் செங்கல் பொடி போலச் சிவப்பாக ஒட்டுகிறதா? ஒட்டினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். மரப்பட்டை, கடுக்காய் போன்ற தாவரச் சரக்குகளால் பதனிட்ட தோல் வயதாகி அமிலம் ஏறி உதிர்வது அது. எங்கள் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலைச் சிறுவயதிலிருந்து பார்த்தவன் நான். நல்ல தோல், மணமே தனி. ஆனால் அந்த வகைக்கு முதுமையில் வருகிற நோய் இது. பொடி உதிரும் தோலில் தண்ணீர் பட்டால் கறுத்து ஓடு போல இறுகிவிடும், திரும்பவே திரும்பாது. பொடி வரவில்லை என்றால், விறைப்பு மட்டும்தான் என்றால், மேலே படியுங்கள்.

விறைத்த பட்டையை அப்படியே வெளியே புரட்டினால் வெடிக்கும். குளியலறையில் வெந்நீர் ஓடவிட்டு நிறுத்துங்கள். தொப்பியைக் கவிழ்க்காமல் உச்சி கீழே இருக்கும்படி ஒரு ஸ்டூலில் வைத்துக் கதவை மூடி அரை மணி நேரம் விடுங்கள். ஆவி நேரே படக்கூடாது, அறைக் காற்றின் ஈரம் போதும். தோல் கொஞ்சம் மனம் இளகும். அப்போது மேல் ஓரத்தைப் பிடித்து, பின்பக்கத்திலிருந்து தொடங்கி, சட்டைக் கையை மடிப்பது போல வெளியே புரட்டுங்கள். பட்டையின் கீழ் ஓரம் மட்டுமே தைக்கப்பட்டிருப்பதால் முழுதாக வெளியே வந்து நிற்கும். தையல் விட்ட இடத்தில் மட்டும் இழுக்காமல் கையால் தாங்கிக்கொள்ளுங்கள். ஃபெல்ட்டுக்கும் பட்டைக்கும் நடுவே சமையலறைக் காகிதத் துண்டு மடித்துச் செருகிவிடுங்கள்.

இனிக் காய்ந்த பல்துலக்கும் பிரஷ்ஷால், மிருதுவானதாகப் பார்த்து, உப்பைத் தட்டி எடுங்கள். பிறகு வெள்ளைப் பருத்தித் துணியைத் தண்ணீரில் நனைத்து, ஒரு சொட்டும் விழாதபடி பிழிந்து, உள்ளங்கை அளவு இடமாகத் துடையுங்கள். துணியில் பழுப்பு இறங்கும், பயப்பட வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும் இடத்தில் மட்டும், சேணத் தோலுக்கென விற்கும் சவர்க்காரத்தைத் துணியில் மெல்லத் தொட்டு எடுத்துத் துடைத்துவிட்டு, வெறும் ஈரத்துணியால் மறுபடி துடையுங்கள். முடித்ததும் நிழலில் காயட்டும். மறுநாள் பாருங்கள், வெள்ளைக் கோடு மறுபடி வந்திருக்கும். ஆழத்தில் இருந்த உப்பு நீரோடு மேலே ஏறி வந்திருக்கிறது, அது நல்ல சகுனம். மறுபடி துடையுங்கள். மூன்று நாலு தடவை, ஒவ்வொரு தடவைக்கும் நடுவே ஒரு நாள் இடைவெளி. இந்த வேலையில் பொறுமை போனால் பட்டை போகும்.

பெயர் எழுதிய இடத்துக்குத் தனிக் கவனம். அது குமிழ்முனைப் பேனாவாக இருந்தால் தண்ணீருக்குப் பெரும்பாலும் தாங்கும். ஆனால் ஸ்பிரிட்டும் எண்ணெய்யும் கிரீமும் அதைக் கரைத்துப் பரப்பிவிடும். மை ஊற்றும் பேனா என்றால் தண்ணீரே எதிரி. எது என்று தெரியாதபோது சோதித்துப் பார்க்கக்கூட வேண்டாம். எழுத்துகளைச் சுற்றி ஒரு விரல் அகலம் விட்டுவிடுங்கள். அங்கே காய்ந்த பிரஷ் மட்டும் போதும். அந்த இடத்தில் கொஞ்சம் உப்புக் கறை மிஞ்சினால் மிஞ்சட்டும்.

காய வைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் அவசரப்பட்டுத் தொப்பியைக் கெடுப்பவர்கள் இங்கேதான் கெடுக்கிறார்கள். ஹேர் டிரையர் கூடாது. ஹீட்டர் பக்கம் கூடாது. வெயில் கூடாது. ஈரமான தோலில் சூடு பட்டால் அதன் நார்களின் கட்டமைப்பே சுருண்டு குறுகிவிடும். காய்ந்து விறைத்த தோலை மறுபடி இளக்கலாம், சூட்டில் குறுகிய தோலை எந்த வித்தையாலும் நீட்ட முடியாது. கோடையில் பூட்டிய காருக்குள் தொப்பியை விட்டுவிட்டு, பிறகு 'தலை பெருத்துவிட்டது' என்று எத்தனை பேர் வந்திருக்கிறார்கள்! தலை பெருக்கவில்லை. உள்ளே பட்டை சுருங்கி ஃபெல்ட்டையும் சேர்த்து இழுத்திருக்கிறது.

உங்கள் மகனுக்கு இறுக்குவதும் அதனால் இருக்கலாம். அவன் நெற்றிக்கு மேலாகத் தலையைச் சுற்றி அளந்து பாருங்கள். தொப்பிக்குள் அளவு அச்சிட்டிருந்தால் சென்டிமீட்டரில் இருக்கும், 57, 58 என்று. அச்சிட்ட அளவு அவன் தலைக்குச் சரியாக இருந்தும் இறுக்கினால், சுருங்கியது பட்டைதான். கடைசித் துடைப்பு முடிந்து தோல் லேசாக ஈரமாக இருக்கும்போதே பட்டையை உள்ளே திருப்பி அதன் இடத்தில் வையுங்கள். வளைந்து கொடுக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளில் 5 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி, தொப்பியின் அச்சிட்ட அளவு நீளத்துக்கு வளையமாக்கி, உள்ளே செருகி அப்படியே காயவிடுங்கள். அது சுருளி வில் போல மெதுவாக வெளியே தள்ளும். சுருண்ட மேல் ஓரமும் அதில் படிந்து நேராகும். தையல் விட்ட இடத்தில் மட்டும் வளையம் அழுத்தாதபடி ஒரு துண்டுத் துணி வையுங்கள். இப்படி அரை சென்டிமீட்டர் கிடைத்தால் திருப்தி அடையுங்கள். அதற்கு மேல் இழுத்தால் தையல் துளைகள் வாய் பிளக்கும்.

இனித் தையல். எனக்கு மிகப் பிடித்த பகுதி இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பட்டையின் கீழ் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். மெல்லிய நரம்பு போல ஒன்று உள்ளே ஓடினால், அது ஓரம் நெளியாமல் இருக்க வைத்த பிளாஸ்டிக் இழை. நல்ல தொப்பிகள் பலவற்றில் இருக்கும். அந்த நரம்பை மூடியிருக்கும் நாடாவின் வழியாக ஊசி போய், தொப்பியின் கூடும் விளிம்பும் சேரும் மடிப்பில் ஃபெல்ட்டைத் துளைத்து வெளியே வருகிறது. வெளியே வரும் தையலை ரிப்பன் மறைத்திருக்கும். ஆகவே ரிப்பனைத் தூக்காமல் இந்தத் தையலை ஒழுங்காகப் போட முடியாது. ரிப்பனைப் பெரும்பாலும் நாலைந்து இடத்தில் சின்ன முடிச்சுத் தையலால்தான் பிடித்திருப்பார்கள். பழுதான பக்கத்தில் இருக்கும் முடிச்சுகளை மட்டும் வெட்டித் தூக்குங்கள். தூக்குமுன் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தொப்பியின் ஃபெல்ட் நெய்த துணி இல்லை. முயலின் மென்மயிர்கள் ஈரத்திலும் சூட்டிலும் அழுத்தத்திலும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு உண்டான பொருள். (1859-இல் விக்டோரியாவில் வேட்டைக்காக அவிழ்த்துவிட்ட முயல்கள் பெருகி ஆஸ்திரேலியாவின் வயல்களை மொட்டையடித்தன. அந்த முயலின் மயிர்தான் தலைக்கு நிழலாகவும் ஆயிற்று.) ஃபெல்ட்டில் பாவும் ஊடும் கிடையாது. புதிது புதிதாக நெருக்கமாகத் துளை போட்டால் தபால்தலையின் ஓரம் மாதிரி அந்தக் கோட்டிலேயே கிழிந்துவிடும். அதனால் புதுத் துளை போடாதீர்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் பழைய துளைகள் தெரியும். அவற்றின் வழியாகவே போங்கள். ஒரு துளை பெரிதாகக் கிழிந்திருந்தால் மட்டும் அதற்கு 2 மில்லிமீட்டர் மேலே ஒரு புதுத் துளை.

நூல் சாதாரணப் பருத்தி அல்லது பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த தையல் நூலாக இருக்கட்டும். தேன்மெழுகில் ஒருமுறை இழுத்துக்கொள்ளுங்கள். உறுதியாக இருக்கட்டும் என்று நைலானோ மீன்பிடி நரம்போ வாங்கிவிடாதீர்கள். அந்தத் தொப்பியை விளிம்பைப் பிடித்து யாராவது இழுத்தால் எது அறுந்தால் நல்லது? நூல் அறுந்தால் பத்து நிமிட வேலை. நூல் அறாமல் ரம்பம் போல ஃபெல்ட்டை அறுத்தால் தொப்பியே போயிற்று. உங்கள் தொப்பியில் நாலு விரல் நீளம் தையல் விட்டது குறை அல்ல, நூல் தன் கடமையைச் செய்து தோலையும் ஃபெல்ட்டையும் காப்பாற்றியிருக்கிறது.

அறுந்த இடத்தில் தொடங்காதீர்கள். நல்ல தையல் இருக்கும் பகுதிக்குள் 2 சென்டிமீட்டர் தள்ளித் தொடங்கி, மறுபக்கமும் 2 சென்டிமீட்டர் தாண்டி முடியுங்கள். குண்டூசி குத்தாமல் துணி கிளிப்பால் பட்டையை இடத்தில் பிடித்துக்கொள்ளலாம். பின்தையலாகப் போங்கள். ஒவ்வொரு தையலையும் நூல் படியும் அளவுக்கு மட்டும் இழுங்கள். இறுக்கி இழுத்தால் விளிம்பு அந்த இடத்தில் அலை அலையாக நெளியும், போடுகிறவரின் நெற்றியில் ஒரு முடிச்சு உறுத்தும்.

தோலில் இருக்கும் சின்னக் கிழிசலை, பட்டையை மறுபடி வெளியே புரட்டி, தைப்பதற்கு முன்னால் அடைக்க வேண்டும். பழைய கையுறையிலிருந்து வெட்டிய மெல்லிய தோல் துண்டு போதும். கிழிசலைவிடச் சுற்றிலும் 1 சென்டிமீட்டர் பெரிதாக, ஓரங்களைப் பிளேடால் சீவி மெலிதாக்கி, பட்டையின் பின்புறத்தில் வெள்ளைப் பசையை மெல்லப் பூசி ஒட்டுங்கள். மேலும் கீழும் மெழுகுத்தாள் வைத்துக் கிளிப் போட்டு ஒரு நாள் விடுங்கள். சூப்பர் க்ளூ ஏன் ஆகாது என்றால், அது தோலுக்குள் ஊறிக் கண்ணாடி போல இறுகும். அந்த இறுகலின் ஓரத்தில் அடுத்த கிழிசல் விழும், நெற்றியையும் கீறும்.

எல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்து, தோல் முழுதாகக் காய்ந்த பிறகு, லெதர் கண்டிஷனர். கடலை அளவு எடுத்துத் துணியில் தேய்த்து, துணியில் இருப்பதை மட்டும் பட்டையின் முகப்பில் தடவுங்கள். பெயர்ப் பக்கம் போகவே வேண்டாம். ஒரு நாள் முழுதும் பட்டை வெளியே புரண்டபடியே இருக்கட்டும், பிறகு உள்ளே திருப்புங்கள். வருடத்துக்கு ஒரு முறை போதும்.

அந்தக் குட்டி முடிச்சுக்கு வருகிறேன். பழைய காலத் தொப்பிகளில் உள்ளே ஒரு நாடா சுற்றி ஓடும், அதை இழுத்து முடிந்து தலைக்கு ஏற்ப அளவைக் கூட்டிக் குறைப்பார்கள். அந்த நாடாவின் எச்சம் இது. இன்றைக்கு அது மூட்டை மறைக்கிறது, எந்தப் பக்கம் பின்பக்கம் என்று காட்டுகிறது. அதை வெட்டாதீர்கள்.

பட்டையை மாற்றவே வேண்டிய நேரமும் உண்டு. சிவப்புப் பொடி உதிர்ந்தால், கீழ் ஓரத்துத் துளைகள் வரிசையாகக் கிழிந்துபோயிருந்தால், கிழிசல் பட்டையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஓடினால், ஒட்டுப்போட்டுப் பயனில்லை. அப்போது கைதேர்ந்த தொப்பிக்காரரிடம் கொடுங்கள். புதுப் பட்டை ஒரு விரல் நீளம் குறைந்தாலும் ஃபெல்ட் சுருங்கும், கூடினால் உள்ளே மடிப்பு விழும். முதல்முறை செய்கிறவர் கற்றுக்கொள்ள வேண்டிய தொப்பி இது அல்ல. ஆனால் ஒரு நிபந்தனை சொல்லி அனுப்புங்கள்: பழைய பட்டையை வெட்டக் கூடாது, தையலைப் பிரித்து முழுதாக எடுத்துத் திருப்பித் தர வேண்டும். பெயர் எழுதிய தோல் உங்கள் வீட்டில் இருக்க வேண்டியது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. உங்களிடம் இருப்பது இன்னும் பழைய தொப்பி, இரண்டாம் உலகப் போருக்கு முந்தியது என்றால், கையுறை இல்லாமல் அதைப் பிரிக்காதீர்கள். மயிரை ஃபெல்ட்டாக்க அந்தக் காலத்தில் பாதரச உப்பைப் பயன்படுத்தினார்கள். அமெரிக்காவில் 1941-இல்தான் அது நின்றது. அதற்குள் எத்தனையோ தொழிலாளிகளின் கைகள் வாழ்நாள் முழுக்க நடுங்கின. அந்தப் பாதரசம் பழைய ஃபெல்ட்டில் இன்றும் தங்கியிருக்கக்கூடும். அப்படிப்பட்ட தொப்பியை மூடிய அறையில் பிரஷ் போட்டுத் தூசி கிளப்பக் கூடாது. 1988-இல் வாங்கிய உங்கள் தொப்பி அந்தத் தலைமுறையைச் சேர்ந்தது அல்ல.

மகனிடம் சொல்லுங்கள். வெயிலில் போட்டுக்கொண்டு வந்த நாளில் பட்டையை வெளியே புரட்டிவிட்டுத் தொப்பியை உச்சி கீழாக வைக்க வேண்டும். விளிம்பில் நிறுத்தினால் விளிம்பு தட்டையாகிவிடும். மறுநாள் காலையில் உப்பு தெரிந்தால் ஈரத்துணியால் ஒரு துடைப்பு. ஒரே தொப்பியைத் தினமும் போடாமல் ஒரு நாள் விட்டு ஒரு நாள். கராஜ் வேண்டாம், ஆள் புழங்கும் அறையின் அலுமாரி நல்லது.

ரிப்பனைத் தூக்கிய பிறகு துளைகள் தெரியும்படி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். எந்தத் துளையில் தொடங்கலாம் என்று அதைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். அதுவரை ஊசியை எடுக்க வேண்டாம்.